பிளஸ் டூ மதிப்பெண் குறைந்துவிட்டதா? விடைத்தாள் நகலைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்

பிளஸ் டூ தேர்வு முடிவு பெரும்பாலும் மே மாதத்தின் முதல் பத்து நாட்களுக்குள் வந்துவிடுகிறது. 2024-இல் மே 6 அன்றும், 2025-இல் மே 8 அன்றும் வந்தது. காவிரிப் படுகையில் அது பருத்தி வெடிக்கத் தொடங்கும் காலம். பம்புசெட் வைத்திருப்பவர்கள் குறுவை நாற்றங்காலுக்கு உழவு ஓட்டிக்கொண்டிருக்கும் காலம். வீட்டில் பெரியவர்கள் வயலில் இருக்கும்போது, பிள்ளை மட்டும் செல்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு முடிவைப் பார்ப்பதும், குறைந்த மதிப்பெண்ணைக் கண்டு திகைத்து, யாரிடமும் சொல்லாமல் இரண்டு மூன்று நாட்களைக் கழித்துவிடுவதும், அந்த நாட்களுக்குள்ளேயே விண்ணப்பக் கெடு பாதி ஓடிவிடுவதும் எங்கள் ஊர்ப்பக்கம் ஆண்டுதோறும் நடக்கிறது. கும்பகோணத்துக்கும் பாபநாசத்துக்கும் இடைப்பட்ட ஓர் ஊரில் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். விடைத்தாள் திருத்தும் முகாம்களிலும் பல ஆண்டுகள் அமர்ந்திருக்கிறேன். மேசையின் அந்தப் பக்கத்திலிருந்தும் இந்தப் பக்கத்திலிருந்தும் பார்த்தவன் என்ற முறையில், மதிப்பெண்ணில் மனக்குறை உள்ள மாணவர்களும் பெற்றோர்களும் எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முடிவைப் பார்க்கும் நாளன்று

பதிவெண்ணும் பிறந்த தேதியும் இருந்தால் போதும். தேர்வு நுழைவுச்சீட்டைப் பலர் கடைசித் தேர்வு முடிந்த அன்றே எங்கோ வைத்துவிடுகிறார்கள். அதை ஏப்ரல் மாதத்திலேயே தேடி எடுத்து, ஒரு நகல் எடுத்து, செல்பேசியிலும் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். முடிவு வெளியான முதல் அரைமணி நேரம் இணையதளம் திணறுவது வழக்கம் என்பதால், பள்ளியில் கொடுத்த செல்பேசி எண்ணுக்கு வரும் குறுஞ்செய்தியையும் டிஜிலாக்கரையும் பாருங்கள். இணைய வசதி இல்லாத வீடுகளுக்கு இன்னொரு வழி இருப்பது பலருக்குத் தெரியவில்லை: மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள தேசிய தகவலியல் மையத்திலும், மாவட்ட மைய நூலகத்திலும், கிளை நூலகங்களிலும் கட்டணம் இல்லாமல் முடிவைப் பார்த்துக்கொள்ளலாம். படித்த பள்ளியிலும் பார்க்கலாம். குறை இருந்தால் அங்கேயே பேசிவிடலாம் என்பதால், நான் பள்ளிக்குப் போவதையே பரிந்துரைப்பேன்.

மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டுத் திரையை மூடிவிடாதீர்கள். ஆறு பாடங்களுக்கும் எழுத்துத் தேர்வு, செய்முறை, அகமதிப்பீடு என்று தனித்தனியாக எவ்வளவு வந்திருக்கிறது என்பதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இயற்பியல், வேதியியல், உயிரியல் போன்ற செய்முறைப் பாடங்களில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. கணிதம், வணிகவியல், தமிழ் போன்றவற்றில் எழுத்துத் தேர்வுக்கு 90, அகமதிப்பீட்டுக்கு 10. இந்தப் பிரிப்பு ஏன் முக்கியம் என்றால், மறுகூட்டலும் மறுமதிப்பீடும் எழுத்துத் தேர்வின் விடைத்தாளை மட்டுமே தொடும். செய்முறை மதிப்பெண்ணோ அகமதிப்பீடோ தவறாகப் பதிவாகியிருப்பதாகத் தெரிந்தால், அதற்குப் பணம் கட்டி விண்ணப்பிப்பதில் பயனில்லை. தலைமையாசிரியரிடம் எழுத்து மூலம் தெரிவித்து, பள்ளியின் பதிவேட்டோடு ஒப்பிட்டு, பள்ளி வழியாகவே தேர்வுத் துறைக்கு எழுதச் சொல்ல வேண்டும். தேர்வு எழுதியிருந்தும் வரவில்லை என்று காட்டினாலோ, முடிவு நிறுத்திவைக்கப்பட்டிருந்தாலோ அன்றே பள்ளிக்குப் போய்விடுங்கள். தேர்வறையில் நீங்கள் கையெழுத்திட்ட வருகைத்தாள் இருக்கிறது, அதைக் கொண்டு நிரூபிக்க முடியும்.

பெற்றோர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். மதிப்பெண் குறைந்த அன்று மாலை, அடுத்த வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணைப் பற்றிப் பேச்சு எடுக்காதீர்கள், பிள்ளையைத் தனியாகவும் விடாதீர்கள். சாப்பிட வைத்து, தூங்க வைத்து, மறுநாள் காலையில் பேசுங்கள். மனம் மிகவும் தளர்ந்துபோயிருந்தால் 104 என்ற எண்ணிலும், 14416 என்ற டெலி மனஸ் எண்ணிலும் கட்டணமில்லாமல் ஆலோசகரோடு பேசலாம். கல்வி தொடர்பான சந்தேகங்களுக்குப் பள்ளிக் கல்வித் துறையின் 14417 இருக்கிறது.

மூன்று சொற்களும் ஒன்றல்ல

விடைத்தாள் நகல், மறுகூட்டல், மறுமதிப்பீடு ஆகிய மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, "ரீவேல்யூவேஷன் போட்டுடுங்க சார்" என்று எல்லாரும் கேட்கிறார்கள். விடைத்தாள் நகல் என்பது, நீங்கள் எழுதிய தாள் திருத்தப்பட்ட நிலையில் ஸ்கேன் செய்யப்பட்டு உங்களுக்குக் கிடைப்பது. அதனால் மதிப்பெண் மாறாது. மறுகூட்டல் என்பது போடப்பட்ட மதிப்பெண்களைத் திரும்பக் கூட்டிச் சரிபார்ப்பது. மறுமதிப்பீடு என்பது வேறு ஆசிரியர்கள் விடைகளையே மறுபடி படித்து மதிப்பெண் இடுவது. கட்டணமும் வேறு: நகலுக்கு ஒரு பாடத்துக்கு 275 ரூபாய்; மறுகூட்டலுக்கு உயிரியல் என்றால் 305, மற்றப் பாடங்கள் என்றால் 205; மறுமதிப்பீட்டுக்கு ஒரு பாடத்துக்கு 505 என்று அண்மை ஆண்டுகளில் இருந்துவருகிறது. உயிரியலுக்கு மட்டும் மறுகூட்டல் கட்டணம் கூடுதலாக இருப்பதைப் பார்த்துச் சிலர் சந்தேகப்படுகிறார்கள். அந்தப் பாடத்தில் தாவரவியலும் விலங்கியலும் தனித்தனி விடைத்தாள்கள் என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஒவ்வோர் ஆண்டும் முடிவோடு சேர்த்து வெளியாகும் செய்திக்குறிப்பில் கட்டணமும் கெடு தேதியும் இருக்கும். அந்த ஆண்டின் குறிப்பைப் படித்த பிறகே பணத்தை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

விடைத்தாள் நகல் வாங்கியவர்கள் மட்டுமே மறுமதிப்பீடு கேட்க முடியும். நகலுக்கு விண்ணப்பிக்கும் கெடு ஒரு வாரத்துக்கும் குறைவாகவே இருக்கும். அதைத் தவறவிட்டால் பின்னால் எவ்வளவு நியாயம் இருந்தாலும் மறுமதிப்பீட்டுக்கான கதவு மூடிவிடும். "இன்னும் யோசிக்கிறோம்" என்று சொல்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: யோசிப்பதற்காகவாவது நகலுக்கு விண்ணப்பித்து வையுங்கள்.

அதற்காக ஆறு பாடங்களுக்கும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. ஒரு பாடத்துக்கு நகலும் மறுமதிப்பீடும் சேர்ந்தால் 780 ரூபாய் ஆகிறது. நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்ச் சம்பாதிக்கும் ஒரு தாய்க்கு அது ஒரு நாள் கூலிக்கும் மேற்பட்ட பணம். எந்தப் பாடம் என்று தேர்ந்தெடுக்க இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். முதலாவது, தேர்வு முடிந்த அன்று ஆசிரியரோடு உட்கார்ந்து கணக்கிட்டதற்கும் வந்ததற்கும் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பது. இரண்டு மூன்று மதிப்பெண் வேறுபாடு இயல்பு, பத்துக்கு மேல் என்றால் பார்த்தே ஆக வேண்டும். இரண்டாவது, அந்தப் பாடத்தின் மதிப்பெண் நீங்கள் சேரப்போகும் படிப்புக்குக் கணக்கில் வருமா என்பது.

இரண்டாவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. பொறியியல் கலந்தாய்வுக்குக் கட் ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படுகிறது: கணித மதிப்பெண் முழுமையாக 100, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி. கணிதத்தில் 88, இயற்பியலில் 71, வேதியியலில் 80 பெற்ற மாணவருக்கு 88, 35.5, 40 சேர்ந்து 163.5 வரும். இயற்பியலில் ஐந்து மதிப்பெண் கூடினால் 166 ஆகும். பட்டுக்கோட்டையிலோ திருக்குவளையிலோ உள்ள பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரியில் விரும்பிய பிரிவு கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் அந்த இரண்டரையில் இருக்கலாம். கணிதத்தில் அதே ஐந்து கூடினால் ஐந்தும் முழுதாகச் சேரும். தமிழில் எட்டு மதிப்பெண் குறைந்தது வருத்தம்தான். ஆனால் பொறியியல் கட் ஆஃபில் அது வராது. அரசு கலைக் கல்லூரிகளின் தரவரிசைக்குப் பொதுவாக மொழிப்பாடங்கள் நீங்கலாக நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்ணைப் பார்க்கிறார்கள். தமிழ் இலக்கியமோ ஆங்கில இலக்கியமோ படிக்க விரும்புகிறவர்களுக்கு அந்தந்த மொழி மதிப்பெண் முக்கியமாகிறது. மருத்துவத்துக்கு நீட் மதிப்பெண்தான் தரவரிசை. பிளஸ் டூ மதிப்பெண் தகுதி எல்லைக்குக் கீழே இருந்தால் தவிர அங்கே மறுமதிப்பீட்டால் பெரிய மாற்றம் வராது.

விண்ணப்பமும் ஒப்புகைச் சீட்டும்

பள்ளி மாணவர்கள் தாங்கள் படித்த பள்ளியிலும், தனித்தேர்வர்கள் தேர்வெழுதிய மையத்திலும் நகலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். கட்டணத்தைப் பணமாகச் செலுத்தியதும் ஒப்புகைச் சீட்டு ஒன்று தருவார்கள். அதில் உள்ள விண்ணப்ப எண்ணைக் கொண்டுதான் பின்னர் நகலைப் பதிவிறக்கம் செய்ய முடியும். அந்தச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துத் துவைத்துவிட்டு வந்து நின்ற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். வாங்கிய இடத்திலேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள். பதிவெண், பாடத்தின் பெயர், பாடங்களின் எண்ணிக்கை மூன்றும் சரியா என்று அங்கேயே படித்துப் பாருங்கள்.

அந்த நாட்களில் பள்ளி கோடை விடுமுறையில் இருக்கும். அலுவலகப் பணியாளர் எந்த நேரத்தில் இருப்பார் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கடைசி நாள் மாலை வரை காத்திருக்க வேண்டாம். "பணம் கொடுத்தால் மதிப்பெண்ணைக் கூட்டித் தருகிறோம்" என்று செல்பேசியில் அழைப்பவர்களும் இந்தச் சமயத்தில்தான் கிளம்புவார்கள். அப்படி ஒரு வழி கிடையாது. பள்ளியிலும் தேர்வுத் துறை அலுவலகத்திலும் தவிர வேறு எவரிடமும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள், பதிவெண்ணையும் பிறந்த தேதியையும் சொல்லாதீர்கள்.

தேர்ச்சி பெறாதவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மறுமதிப்பீட்டில் தேறிவிடுவோம் என்று நம்பிக்கொண்டு துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதீர்கள். துணைத் தேர்வு அதே ஆண்டில் ஜூன், ஜூலை மாதங்களிலேயே நடந்துவிடுகிறது. அதற்கான விண்ணப்பக் கெடு மறுமதிப்பீட்டு முடிவு வருவதற்கு முன்பே முடிந்துபோகக்கூடும். இரண்டுக்கும் விண்ணப்பித்துவிட்டு, துணைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டே மற்றதற்குக் காத்திருங்கள். தேர்ச்சிக்கு மொத்தத்தில் 35 மட்டும் போதாது, எழுத்துத் தேர்விலும் குறைந்தபட்சம் வேண்டும் என்பதையும் கவனியுங்கள்: 70-க்கு நடக்கும் தேர்வில் 15, 90-க்கு நடக்கும் தேர்வில் 25.

நகலை எப்படிப் படிப்பது

நகல் இணையதளத்தில் வந்துவிட்டது என்று அறிவித்ததும் பதிவிறக்கம் செய்து, எல்லாப் பக்கங்களையும் தாளில் அச்செடுத்துக்கொள்ளுங்கள். செல்பேசித் திரையில் விரலால் நகர்த்திப் பார்த்தால், பதினேழாம் பக்கத்தில் உள்ளதை மூன்றாம் பக்கத்தோடு ஒப்பிட முடியாது. விடுபட்ட ஒரு பக்கம் கண்ணில் படவே படாது. அச்செடுத்த தாள்களோடு, அந்தப் பாடத்தின் வினாத்தாள், பாடநூல், ஒரு பென்சில், ஒரு வெற்றுத்தாள் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு உங்கள் பாட ஆசிரியரிடம் போங்கள். திருத்தும் முகாமில் எல்லாத் தேர்வாளர்களுக்கும் பொதுவாகக் கொடுக்கப்படும் விடைக்குறிப்பு அவரிடம் இருக்கும், அல்லது சக ஆசிரியரிடம் கேட்டு வாங்கிவிடுவார். உங்கள் மனசுக்குச் சரியென்று படுவதை வைத்து வாதாடுவதற்கும், விடைக்குறிப்பை வைத்து வாதாடுவதற்கும் நிறைய வேறுபாடு உண்டு.

முகாமில் ஒரு தாள் எப்படி நகர்கிறது என்று தெரிந்தால் எந்த இடத்தில் பிழை வரும் என்பதும் புரியும். பெயரும் பதிவெண்ணும் உள்ள மேல்தாள் பிரிக்கப்பட்ட பிறகே தாள் திருத்த வருகிறது. யாருடைய தாள், எந்த ஊர்ப் பள்ளி என்பது திருத்துபவருக்குத் தெரியாது. உதவித் தேர்வாளர் விடைகளைப் படித்து ஓரத்தில் மதிப்பெண் இடுவார். பின்னர் வினா எண்ணுக்கு எதிரே அவற்றைப் பட்டியலில் ஏற்றிக் கூட்டுவார். கூர்ந்தாய்வாளர் அதைச் சரிபார்ப்பார். முதன்மைத் தேர்வாளர் சில தாள்களைத் தாமே மறுபடி பார்ப்பார். ஏப்ரல் மாத வெக்கையில், வேலைநாள் முழுவதும் ஒரே கேள்விக்கான விடைகளைத் தொடர்ந்து படிக்கும் கண்ணுக்குத் தவறு நேர்வதற்கு வாய்ப்புள்ள இடங்கள் சிலவே: விடையைப் பார்க்காமல் பக்கத்தைத் தள்ளிவிடுவது, உள்ளே போட்ட மதிப்பெண்ணைப் பட்டியலில் ஏற்ற மறப்பது, கூட்டலில் தவறுவது. வினாத்தாள் ஏ வகை, பி வகை என்று இருவகையாக வந்த பாடம் என்றால், ஒரு மதிப்பெண் வினாக்களை மாற்று வகையின் விடைக்குறிப்போடு ஒப்பிட்டுத் திருத்திவிடுவதும் நேரலாம். ஒரு மதிப்பெண் பகுதியில் நம்ப முடியாத அளவுக்குக் குறைந்திருந்தால் இதை முதலில் பாருங்கள்.

எனக்குப் பழகிய முறையைச் சொல்கிறேன். முதலில் விடைகளைப் படிக்கவே படிக்காதீர்கள். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, எழுத்து இருக்கும் எல்லா இடத்திலும் திருத்துபவரின் மை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மை படாத விடை எதுவாக இருந்தாலும் பென்சிலால் வட்டமிடுங்கள். இரண்டாவதாக, வெற்றுத்தாளில் வினா எண்களை வரிசையாக எழுதி, ஓரத்தில் போட்ட மதிப்பெண்ணை ஒவ்வொன்றாக எடுத்தெழுதி, தேர்வாளர் ஏற்றிய பட்டியலோடு ஒப்பிட்டு, நீங்களே கூட்டுங்கள். மூன்றாவதாகத்தான் விடைக்குறிப்பை எடுத்து, மதிப்பெண் குறைத்த விடைகளைப் படிக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றினால், கோபத்தில் இரண்டாம் பக்கத்திலேயே நின்றுவிடுவோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவர் தன் இயற்பியல் தாளின் நகலோடு எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். எழுத்துத் தேர்வில் 70-க்கு 41. குறைந்தது 52 வரும் என்று அவர் உறுதியாக இருந்தார். உடன் வந்த அவருடைய சித்தப்பா, ஐந்து பாடங்களுக்கும் மறுமதிப்பீடு கேட்டுவிடுவோம் என்று பணத்தோடு வந்திருந்தார். தாள்களை வரிசையாகத் திண்ணையில் பரப்பி, காற்றில் பறக்காமல் இருக்க ஓரத்தில் புளியங்கொட்டைப் பெட்டியை வைத்தோம். மை படாத இடம் இருபத்தாறாம் பக்கத்தில் அகப்பட்டது. 36-ஆம் வினாவுக்கான வருவித்தலை அவர் பாதியில் நிறுத்திவிட்டு, அடுத்த வினாக்களை எழுதி, 38-ஐ முடித்த பிறகு மிச்சத்தை அங்கே தொடர்ந்திருந்தார். "36 தொடர்ச்சி" என்று மேலே எழுதவில்லை, முன்பக்கத்தில் "தொடர்ச்சி பின்னால்" என்றும் குறிக்கவில்லை. முதல் பாதிக்கு இரண்டு மதிப்பெண் வந்திருந்தது. பின்பாதி, படம் முதல் இறுதிச் சமன்பாடு வரை, ஒரு கோடுகூடப் படாமல் இருந்தது. விடைக்குறிப்பின்படி அதற்கு மூன்று மதிப்பெண் உண்டு.

மீதி எட்டு எங்கே போயிற்று என்று பார்த்தபோது, அவர் முகம் மாறியது. ஒரு மதிப்பெண் வினாக்களில் விடைக்குறியீட்டையும் விடையையும் சேர்த்து எழுத வேண்டும். நான்கு இடங்களில் குறியீடு ஒன்றும் விடை வேறொன்றுமாக எழுதியிருந்தார். இரண்டில் ஒன்று தவறாக இருந்தாலும் மதிப்பெண் கிடையாது என்பது விடைக்குறிப்பில் உள்ள விதி. கணக்குகளில் அலகு எழுதாததற்கு அரை அரையாக இரண்டு மதிப்பெண் போயிருந்தது. கட்டாய வினாவான 33-ஐப் பாதிதான் எழுதியிருந்தார். அவை எல்லாம் சரியாகவே திருத்தப்பட்டிருந்தன. சித்தப்பா ஒன்றும் பேசவில்லை. பணத்தை எண்ணி, இயற்பியலுக்கு உரியதை மட்டும் தனியே எடுத்து வைத்தார். வேதியியல் நகலையும் அன்றே பார்த்தோம். அதில் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. இயற்பியலுக்கு மட்டும் விண்ணப்பித்து, மூன்று மதிப்பெண் கூடியது. கட் ஆஃபில் ஒன்றரை.

எதைக் கேட்பது என்று முடிவு செய்தல்

உள்ளே போட்ட மதிப்பெண்கள் எல்லாம் சரி, பட்டியலிலோ கூட்டலிலோதான் பிழை என்றால் மறுகூட்டல் போதும், கட்டணமும் குறைவு. திருத்தப்படாமல் விடுபட்ட விடை இருந்தாலோ, விடைக்குறிப்பில் படிநிலைக்கு உரிய மதிப்பெண் தரப்படாமல் இருந்தாலோ மறுமதிப்பீடு கேளுங்கள். அரை மதிப்பெண், ஒரு மதிப்பெண் என்ற அளவில் "இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம்" என்று தோன்றும் கட்டுரை விடைகளுக்காக மட்டும் மறுமதிப்பீடு கேட்பதை நான் ஊக்கப்படுத்துவதில்லை. வேறொரு கண் படிக்கும்போது, முதல் முறை தாராளமாகப் போட்ட இடமும் அந்தக் கண்ணில் படும். கூடும் என்ற நம்பிக்கையோடு, குறையவும் கூடும் என்ற நினைப்பும் இருக்க வேண்டும். விண்ணப்பப் படிவத்தில் உள்ள நிபந்தனைகளைப் பெற்றோரும் ஒருமுறை படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

இந்த இரண்டாவது விண்ணப்பத்துக்கான படிவத்தைத் தேர்வுகள் இயக்ககத்தின் இணையதளத்திலிருந்து பதிவிறக்கம் செய்து, நிரப்பி, இரு பிரதிகளாக, மாவட்டத்தில் உள்ள அரசுத் தேர்வுகள் உதவி இயக்குநர் அலுவலகத்தில் கொடுத்துக் கட்டணத்தைப் பணமாகச் செலுத்துவதே அண்மை ஆண்டுகளில் நடைமுறை. பள்ளியிலேயே கொடுத்துவிடலாம் என்று எண்ணிக் கடைசி நாளில் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. பேராவூரணியிலிருந்து தஞ்சாவூருக்கும், வேதாரண்யத்திலிருந்து நாகப்பட்டினத்துக்கும் பேருந்தில் போய்வர ஒரு பகல் ஆகிவிடும் என்பதால், கெடுவின் முதல் இரண்டு நாட்களுக்குள் காலையிலேயே கிளம்புங்கள். மயிலாடுதுறை 2020-இல்தான் தனி மாவட்டமானது. அங்குள்ளவர்கள் எந்த அலுவலகத்தில் கொடுக்க வேண்டும் என்பதைப் பள்ளியில் உறுதிசெய்துகொண்டு போவது நல்லது. படிவத்தோடு விடைத்தாள் நகலின் ஒப்புகைச் சீட்டு, நுழைவுச்சீட்டு, மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றின் நகல்களையும் எடுத்துச் செல்லுங்கள். கேட்காவிட்டால் திரும்பக் கொண்டுவந்துவிடலாம், கேட்டு இல்லையென்றால் இன்னொரு பயணம். இரண்டு பிரதிகளில் ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நகலுக்கான கெடுவைத் தவறவிட்டவர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். திருத்தப்பட்ட விடைத்தாளும் அந்தச் சட்டத்தின்கீழ் தகவல்தான், தேர்வெழுதியவர் அதைப் பார்க்க உரிமை உள்ளவர் என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பத்து ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பிக்கலாம், பதிலுக்கு முப்பது நாள் அவகாசம். ஆனால் அதன் மூலம் தாளைப் பார்க்கத்தான் உரிமை; மறுபடி திருத்தச் சொல்லும் உரிமை அதிலிருந்து வராது. பதில் வரும்போது கலந்தாய்வின் சில சுற்றுகள் முடிந்தும் போயிருக்கும். ஆகவே அதை நம்பி மே மாதக் கெடுவை விட்டுவிடாதீர்கள்.

காத்திருக்கும் காலத்தில்

விண்ணப்பித்துவிட்டோம் என்று கல்லூரி வேலைகளை நிறுத்திவைப்பது பெருந்தவறு. கையில் இருக்கும் மதிப்பெண்ணை வைத்தே பொறியியல் கலந்தாய்வுக்கும், வேளாண் படிப்புகளுக்கும், அரசு கலைக் கல்லூரிகளுக்கும் பதிவு செய்யுங்கள். சான்றிதழ் சரிபார்ப்புக்கும் போய்வாருங்கள். ஈச்சங்கோட்டை வேளாண்மைக் கல்லூரிக்கு ஆசைப்பட்ட ஒரு பெண், மதிப்பெண் மாறி வந்த பிறகு விண்ணப்பிக்கலாம் என்று காத்திருந்து பதிவுக் கெடுவையே விட்டுவிட்டாள். அந்த ஆண்டு அவளுடைய உயிரியல் மதிப்பெண் உண்மையிலேயே கூடியது, ஆனால் அதைக் கொடுக்க இடமில்லாமல் போயிற்று. அந்தக் குடும்பத்துக்கு முன்பே இதைச் சொல்லாமல் போனோமே என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

தற்காலிக மதிப்பெண் சான்றிதழ் கிடைத்ததும் பெயரின் எழுத்து, முன்னெழுத்து, பிறந்த தேதி, பயிற்றுமொழி ஆகியவற்றையும் சரிபாருங்கள். தமிழ்வழியில் படித்தவர்களுக்குப் பயிற்றுமொழி சரியாகப் பதிவாகியிருப்பது பிற்கால அரசு வேலைக்கு உதவும். பிழை இருந்தால் மதிப்பெண் பிரச்சினையோடு சேர்த்து இதையும் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.

மறுகூட்டல், மறுமதிப்பீட்டு முடிவு வரும்போது ஒவ்வொருவருக்கும் தனிக்கடிதம் வராது. மதிப்பெண் மாறியவர்களின் பதிவெண்கள் மட்டும் இணையதளத்தில் பட்டியலாக வெளியிடப்படும். அதில் உங்கள் பதிவெண் இல்லையென்றால் மாற்றம் இல்லை என்று பொருள். பட்டியலில் இருந்தால், திருத்தப்பட்ட தற்காலிக மதிப்பெண் சான்றிதழை அதே இணையதளத்தில் பதிவிறக்கம் செய்யலாம். செய்தவுடன், கலந்தாய்வுக்குப் பதிவு செய்த உதவி மையத்துக்கோ கல்லூரிக்கோ நேரில் போய்ப் புதிய மதிப்பெண்ணைக் காட்டி, கணினியில் மாற்றப்பட்டுவிட்டதா என்று கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். தானாக மாறியிருக்கும் என்று யாராவது சொன்னாலும், கட் ஆஃப் எண் மாறியிருக்கும் திரையைப் பார்த்த பிறகே பேருந்து ஏறுங்கள்.